கடைக்காரர்கள் கொல்லப்பட்டார்கள், கடைக்காரர்களின் குடும்பங்களே விசாரிக்கப்பட்டன
(கண்டன அறிக்கை)

ஜேர்மனியில் சிறு கடைகள் நடத்திவரும் தமிழ் வணிகர்களின் சங்கமாகிய நாங்கள், எமது அங்கத்தவர் அனைவரின் சார்பிலும் இந்த அறிக்கையை வெளியிடுகிறோம். 'தேசிய சோசலிசத் தலைமறைவு' என்ற பெயரில் இயங்கிய நவநாசிக் குழு 2000 முதல் 2007 வரை இந்நாட்டில் செய்த பத்துக் கொலைகளை நாங்கள் கண்டிக்கிறோம். அக்கொலைகள் நடந்த காலத்திலும் அதன் பின்னரும் பொலிஸும் உளவுத்துறையும் அரசும் பத்திரிகைகளும் நடந்துகொண்ட விதத்தையும் கண்டிக்கிறோம்.

இவை இரு வேறு குற்றங்கள். முதலாவதற்கு நீதிமன்றம் தண்டனை வழங்கியிருக்கிறது. இரண்டாவதற்காக எந்த அதிகாரியும் தண்டிக்கப்படவில்லை.

கொல்லப்பட்டவர்களில் ஒன்பது பேர் வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே சுடப்பட்டார்கள். ஒருவர் நூரன்பேர்க்கில் வீதியோரம் பூ விற்றவர். ஒருவர் அதே நகரில் தையல் கடை வைத்திருந்தவர். ஹம்பேர்க்கில் ஒருவரும் மியூனிக்கில் ஒருவரும் காய்கறி, பழக் கடை நடத்தியவர்கள். ரொஸ்டொக்கில் கொல்லப்பட்டவர் சிற்றுண்டிக் கடையைக் காலையில் திறக்க வந்த இளைஞர். நூரன்பேர்க்கில் மூன்றாவதாகக் கொல்லப்பட்டவரும் சிற்றுண்டிக் கடைக்காரர். மியூனிக்கில் இன்னொருவர் சாவி செய்து கொடுக்கும் கடையைத் திறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. டோட்முண்டில் கொல்லப்பட்டவர் பெட்டிக்கடை நடத்தியவர். காசலில் இணைய மையம் நடத்திய இளைஞருக்கு வயது 21. இந்த ஒன்பது பேரில் எட்டுப் பேர் துருக்கியிலிருந்து வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், ஒருவர் கிரேக்கர். பத்தாவதாக 2007 ஏப்ரல் 25 அன்று ஹைல்புரோனில் கொல்லப்பட்டவர் கடமையில் இருந்த 22 வயதுப் பெண் பொலிஸ் உத்தியோகத்தர்.

ஒன்பது கடைக்காரர்களையும் சுட்டது ஒரே துப்பாக்கி. செக் நாட்டில் தயாரான செஸ்கா 83 வகைக் கைத்துப்பாக்கி அது. பொலிஸாருக்கு இது தெரிந்திருந்தது. கொலை நடந்த இடங்களுக்கு அருகில் சைக்கிளில் வந்த இரு இளைஞர்களைக் கண்டதாகச் சாட்சிகள் சொல்லியிருந்தார்கள். அதுவும் தெரிந்திருந்தது.

ஆயினும் விசாரணை கடைக்குள்ளேதான் நடந்தது. போதைப்பொருள் வியாபாரம் இருந்ததா, கப்பம் கேட்டவர்கள் உண்டா, சூதாட்டக் கடன் உண்டா, வேறு பெண் தொடர்பு இருந்ததா என்ற கேள்விகள் ஆண்டுக்கணக்கில் மனைவிமாரிடமும் பிள்ளைகளிடமும் சகோதரரிடமும் கேட்கப்பட்டன. கணவனை இழந்த ஒரு பெண்ணிடம் வேறொரு பெண்ணின் படத்தைக் காட்டி, உமது கணவருக்கு இவளோடு இன்னொரு குடும்பம் இருந்தது என்று பொலிஸார் சொன்னார்கள். அப்படி ஒரு குடும்பம் இருக்கவில்லை. அந்தப் பெண்ணை ஆத்திரப்படுத்தி ஏதாவது சொல்லவைப்பதற்காகப் புனைந்த கதை அது.

பொலிஸார் தாமே நூரன்பேர்க்கில் சிற்றுண்டிக் கடை திறந்து நடத்தினார்கள். கப்பம் கேட்டு யாராவது வருவார்கள் என்று காத்திருந்தார்கள். எவரும் வரவில்லை. ஹம்பேர்க்கில் இறந்தவரோடு பேசுவதாகச் சொன்ன ஒரு குறிசொல்லியின் வாக்குமூலமும் விசாரணைக் கோப்பில் சேர்ந்தது. இந்த விவரத்தை அறிக்கையில் சேர்ப்பதா என்று எமது குழுவில் இரு கருத்து இருந்தது. அது நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் வந்த விவரம் என்பதால் சேர்க்கிறோம்.

2007-இல் பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலப் பொலிஸ் ஓர் ஆய்வு அறிக்கை எழுதியது. இந்நாட்டுப் பண்பாட்டில் கொலை பெரும் பாவமாக விலக்கப்பட்டிருப்பதால், கொலையாளி இந்தப் பண்பாட்டுக்கு வெளியே உள்ளவனாகவே இருக்க வேண்டும் என்பது அதன் முடிவு. ஜேர்மனியில், 1945-க்குப் பின் பிறந்த ஓர் அரசின் அலுவலகத்தில், சம்பளம் பெறும் அதிகாரிகள் இதை எழுதிக் கையொப்பமிட்டார்கள்.

குடும்பங்களுக்கு உண்மை தெரிந்திருந்தது. கொல்லப்பட்டவர்களின் குடும்பத்தார் முன்னே செல்ல, 2006 மே 6 அன்று காசல் நகரில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள். பத்தாவது பலி வேண்டாம் என்பதே அவர்கள் ஏந்திய பதாகையின் வாசகம். இது வெளிநாட்டவரைக் குறிவைத்து நடக்கும் கொலைத் தொடர் என்று அவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். நடந்து வந்தவர்களில் பெரும்பாலானோர் துருக்கிய வம்சாவளியினர். ஜேர்மன் மக்கள் மிகச் சிலரே வந்தார்கள். எம்மவரும் செல்லவில்லை. பத்தாவது கொலை அடுத்த ஆண்டு நடந்தது.

பத்திரிகைகள் இக்கொலைகளுக்கு ஓர் உணவுப் பண்டத்தின் பெயரைச் சூட்டின. ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக அப்பெயரே தலைப்புகளில் வந்தது. பூ விற்றவரும், தைத்தவரும், சாவி செய்தவரும் அந்தப் பெயருக்குள் அடக்கப்பட்டார்கள். பொலிஸார் சொன்ன சந்தேகத்தை அப்படியே அச்சிட்ட பத்திரிகைகளில் பெரும்பாலானவை, அந்தக் குடும்பங்களின் வீட்டுக்குப் போய் அவர்கள் சொல்வதை முதல் பக்கத்தில் போட்டதில்லை.

கடைகளைக் குறிவைத்த வெடிகுண்டுகளையும் இங்கே பதிவு செய்கிறோம். கொலோன் நகரில் ஈரானிய வம்சாவளிக் குடும்பம் ஒன்று நடத்திய பலசரக்குக் கடையில், வாடிக்கையாளர்போல் வந்த ஒருவன் கூடைக்குள் தகரப் பெட்டி ஒன்றை விட்டுச் சென்றான். 2001 ஜனவரி 19 அன்று அது வெடித்தது. கடைக்காரரின் 19 வயது மகள் தீக்காயங்களோடு உயிர் தப்பினார். அதே நகரில், துருக்கியரின் கடைகள் வரிசையாக உள்ள கொய்ப் வீதியில், 2004 ஜூன் 9 அன்று 700-க்கும் மேற்பட்ட ஆணிகள் நிரப்பிய குண்டு வெடித்தது. 22 பேர் காயமடைந்தார்கள். மறுநாள் அன்றைய உள்துறை அமைச்சர் ஓட்டோ ஷிலி, இதுவரை கிடைத்த தகவல்கள் பயங்கரவாதத்தைக் காட்டவில்லை, குற்றவாளிக் கும்பல்களையே காட்டுகின்றன என்றார். அது தவறு என்று பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். 2011-இல் உண்மை வெளிவரும் வரையான ஏழு ஆண்டுகளும் அந்த வீதியின் வணிகர்கள் சந்தேகத்துக்குரியவர்களாக வாழ்ந்தார்கள். காயப்பட்டவர்களே கைரேகை கொடுத்தார்கள்.

உளவுத்துறை மீதான எமது குற்றச்சாட்டு வேறு. அது அறியாமையால் வந்ததல்ல.

கொலைகளைச் செய்த குழுவின் உறுப்பினர் மூவரும் துரிங்கன் மாநிலத்தின் யேனா நகரைச் சேர்ந்தவர்கள். 1998 ஜனவரி 26 அன்று அவர்கள் பயன்படுத்திய வாகனக் கொட்டகையில் பொலிஸார் வெடிமருந்தும் குழாய்க் குண்டுகளும் கண்டெடுத்தார்கள். சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே மூவரில் ஒருவன் தன் காரில் ஏறிச் சென்றுவிட்டான். அன்றிலிருந்து பதின்மூன்று ஆண்டுகள் மூவரும் தலைமறைவாக இருந்தார்கள். அவர்கள் வளர்ந்த நவநாசி அமைப்பின் தலைவர் ரீனோ பிராண்ட், மாநில உளவுத்துறையின் சம்பளத் தகவலாளி. அவர் பெற்ற தொகை ஏறத்தாழ இரண்டு லட்சம் மார்க். அதை இயக்க வேலைகளுக்குச் செலவிட்டதாக அவரே சொன்னார். எம்மிடம் அறவிட்ட வரியிலிருந்து கொடுக்கப்பட்ட பணம் அது.

2006 ஏப்ரல் 6 அன்று காசல் இணைய மையத்தில் அந்த இளைஞர் சுடப்பட்ட நேரத்தையொட்டி, ஹெஸன் மாநில உளவுத்துறை அதிகாரி ஒருவர் அந்த மையத்தில் இருந்தார். சாட்சி சொல்ல அவர் தாமாக வரவில்லை. கணினிப் பதிவை வைத்துப் பொலிஸார் கண்டுபிடித்தார்கள். துப்பாக்கிச் சத்தம் கேட்கவில்லை, உடலைக் காணவில்லை என்றார். காசைக் கல்லாமேசையில் வைத்துவிட்டுப் போனதாகச் சொன்னார். அந்த மேசைக்குப் பின்னால்தான் இளைஞர் கிடந்தார். அந்த அதிகாரி கையாண்ட தகவலாளிகளை நேரில் விசாரிக்கப் பொலிஸார் அனுமதி கேட்டார்கள். அன்றைய மாநில உள்துறை அமைச்சர் ஃபோல்கர் பூஃபியர் மறுத்தார். அவர் பின்னர் அம்மாநிலத்தின் முதலமைச்சரானார்.

அந்த மாநிலம் தன் உளவுத்துறையின் பழைய கோப்புகளைப் பரிசோதித்து ஓர் அறிக்கை தயாரித்தது. அதை 120 ஆண்டுகள் இரகசியமாக வைக்க உத்தரவிட்டது. கொல்லப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளும் அதைப் படித்திருக்க மாட்டார்கள். எதிர்ப்பு எழுந்தபின் காலம் 30 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. அறிக்கையைத் திறக்கக் கோரி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அரசு திறக்கவில்லை. 2022-இல் இதழாளர்கள் அதைப் பெற்று வெளியிட்டார்கள்.

2011 நவம்பர் 4 அன்று ஐசனாக் நகரில் ஒரு வங்கிக் கொள்ளைக்குப் பின் அம்மூவரில் இருவர் தம் வாகனத்துக்குள் இறந்து கிடந்தார்கள். மூன்றாமவர் பேயாட்டே சேப்பெ, சுவிக்காவில் அவர்கள் குடியிருந்த வீட்டுக்குத் தீ வைத்துவிட்டுச் சென்றார். கொலைகளுக்கு உரிமை கோரும் காணொளி வெளிவந்த பின்னரே நாடு உண்மையை அறிந்தது. பொலிஸார் கண்டுபிடித்ததால் அல்ல. ஒரு வாரம் கழித்து, நவம்பர் 11 அன்று, மத்திய உளவுத்துறையில் துரிங்கன் நவநாசித் தகவலாளிகள் பற்றிய கோப்புகள் கிழித்து அழிக்கப்பட்டன. அத்துறையின் தலைவர் அடுத்த ஆண்டு பதவி விலகினார். அழிக்கச் சொன்ன அதிகாரி மீதான வழக்கு, அவரிடம் ஒரு தொகை கட்டச் சொல்லி முடிக்கப்பட்டது.

2012 பெப்ரவரி 23 அன்று பேர்லினில் நடந்த அஞ்சலியில் சான்சலர் அங்கெலா மேர்க்கல் குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டார். கொலைகளை முழுமையாகத் துலக்கவும், உதவியவர்களையும் பின்னால் இருந்தவர்களையும் கண்டறியவும் எல்லாம் செய்வோம் என்று வாக்குக் கொடுத்தார். மியூனிக் நீதிமன்றத்தில் ஐந்து ஆண்டுகள், 438 அமர்வுகள் வழக்கு நடந்தது. 2018 ஜூலை 11 அன்று சேப்பெக்கு ஆயுள் தண்டனையும், உதவிய நால்வருக்குச் சிறைத் தண்டனையும் கிடைத்தன. நால்வரில் ஒருவருக்கு எதிர்பார்த்ததைவிடக் குறைந்த தண்டனை வாசிக்கப்பட்டபோது பார்வையாளர் பகுதியில் இருந்த நவநாசிகள் கைதட்டினார்கள். கொல்லப்பட்டவர்களின் பெற்றோர் அதே மண்டபத்தில் இருந்தார்கள்.

குடும்பங்கள் கேட்டது ஒரே கேள்வி. ஏன் என் தந்தை, ஏன் இந்தக் கடை, இந்த ஊரில் யார் காட்டிக்கொடுத்தார்கள் என்பதே அது. 3,025 பக்கத் தீர்ப்பில் அதற்குப் பதில் இல்லை. வாக்குக் கொடுத்த அரசு அந்த வாக்கைக் காப்பாற்றவில்லை.

இது தனியே நிற்கும் ஒரு வழக்கல்ல. 1980 செப்டம்பர் 26 அன்று மியூனிக் ஒக்ரோபர் திருவிழாவில் குண்டு வெடித்து, வைத்தவனோடு சேர்த்து 13 பேர் இறந்தார்கள். தனிப்பட்ட மனவிரக்தி என்று கோப்பு மூடப்பட்டது. அது வலதுசாரித் தீவிரவாதச் செயல் என்று அரசு வழக்கறிஞர் அலுவலகம் ஏற்றுக்கொண்டது 2020-இல். நாற்பது ஆண்டுகள்.

1992 ஓகஸ்ட்டில் ரொஸ்டொக் நகரில் வியட்நாமியத் தொழிலாளர் குடியிருந்த கட்டடம் எரிக்கப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உள்ளே இருந்தார்கள். பொலிஸார் பின்வாங்கியிருந்தார்கள். வெளியே நின்றவர்கள் கைதட்டினார்கள். அதே ஆண்டு நவம்பரில் மொல்ன் நகரில் துருக்கியக் குடும்பத்தார் மூவர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். 1993 மே 26 அன்று நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தி அடைக்கல உரிமையைச் சுருக்கியது. மூன்று நாட்கள் கழித்துச் சொலிங்கன் நகரில் ஒரு வீடு எரிக்கப்பட்டது. மூன்று சிறுமியர் உட்பட ஐவர் இறந்தார்கள். அன்றைய சான்சலர் ஹெல்முட் கோல் அஞ்சலி நிகழ்வுக்குச் செல்லவில்லை. எரித்தவர்களைத் தண்டிப்பதற்கு முன் எரிக்கப்பட்டவர்களின் உரிமை குறைக்கப்பட்டது என்பதை, அடைக்கலம் கோரி 1980களில் இந்நாட்டுக்கு வந்து முகாம்களில் இருந்த எமது மூத்த அங்கத்தவர்கள் நேரில் அறிவார்கள்.

2007 ஓகஸ்ட்டில் சாக்சனி மாநிலத்தின் மூகல்ன் என்ற சிற்றூரில், திருவிழாவுக்கு வந்திருந்த எட்டு இந்தியர்களை ஏறத்தாழ 50 பேர் வீதி வழியே துரத்தித் தாக்கினார்கள். அவர்கள் ஒரு பீட்சா கடைக்குள் ஒளிந்து உயிர் தப்பினார்கள். எமது ஊரில் வலதுசாரித் தீவிரவாதிகள் இல்லை என்று நகர முதல்வர் சொன்னார்.

2019 ஜூன் 1 இரவு காசல் பிராந்திய நிர்வாகத் தலைவர் வால்டர் லூப்கே தம் வீட்டு முற்றத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அகதிகளை ஏற்பது எமது விழுமியம் என்று 2015-இல் ஒரு பொதுக்கூட்டத்தில் பேசியதே அவர் செய்தது. கொலையாளி உளவுத்துறைக்கு முன்பே தெரிந்த நவநாசி. அதே ஆண்டு ஹாலே நகரில் யூதர்களின் புனித நாளன்று தொழுகைக் கூடம் தாக்கப்பட்டது. கதவு உடையவில்லை. வெளியே இருவர் கொல்லப்பட்டார்கள். 2020 பெப்ரவரி 19 அன்று ஹனாவ் நகரில் ஒன்பது பேர் கொல்லப்பட்டார்கள். கொலையாளியின் துப்பாக்கிகளுக்கு உரிமம் இருந்தது. அன்றிரவு அவசர அழைப்பு எண்ணுக்கு அழைத்தவர்களில் பலருக்கு இணைப்புக் கிடைக்கவில்லை. அங்கு கடமைக்கு வந்த சிறப்புப் பொலிஸாரில் 13 பேர் தீவிர வலதுசாரி அரட்டைக் குழுக்களில் இருந்தவர்கள் என்பது மறு ஆண்டு தெரியவந்தது. காசலும் ஹனாவும் ஹெஸன் மாநிலத்திலேயே இருக்கின்றன. 120 ஆண்டுப் பூட்டைப் போட்டதும் அதே மாநிலம்.

1990 முதல் வலதுசாரி வன்முறையால் கொல்லப்பட்டவர்கள் 200-க்கும் மேற்பட்டோர் என்று அமதேயு அன்ரோனியோ அறக்கட்டளை பெயரோடும் ஊரோடும் பதிவு செய்திருக்கிறது. அரசின் கணக்கு அதில் ஏறத்தாழப் பாதி. மீதிப் பேர் கணக்கில் இல்லாமல் இறந்தவர்கள்.

மீறப்பட்ட நெறி இந்நாட்டின் அரசியலமைப்பிலேயே உள்ளது. மனித மாண்பு மீறப்படலாகாது, அதை மதிப்பதும் காப்பதும் அரசின் கடமை என்கிறது அதன் முதல் உறுப்பு. பிறப்பு, மொழி, பூர்வீகம் காரணமாக எவரும் பாதிக்கப்படலாகாது என்கிறது மூன்றாம் உறுப்பு. கொலையாளிகள் இந்த இரண்டையும் ஏற்காதவர்கள். அவர்களிடம் நாங்கள் எதையும் எதிர்பார்க்கவில்லை. அந்த உறுப்புகளின் பெயரால் சம்பளம் பெற்றவர்கள் அவற்றை மீறினார்கள் என்பதே எமது குற்றச்சாட்டு.

இதே காலத்தில் அரசியல் களம் மாறியிருக்கிறது. 2013-இல் தொடங்கிய ஜேர்மனிக்கான மாற்று என்ற கட்சி, 2025 பெப்ரவரித் தேர்தலில் 20.8 விழுக்காடு வாக்குப் பெற்று இரண்டாம் இடத்துக்கு வந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பே, குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தக் கோரும் தீர்மானம் ஒன்று அக்கட்சியின் வாக்குகளோடு நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அக்கட்சிக்கு வாக்களித்தவர்களை நாங்கள் கொலையாளிகள் என்று சொல்லவில்லை. அவர்களில் பலர் எமது வாடிக்கையாளர்கள். அவர்கள் விரும்பும் தீர்மானத்தை அவர்களுக்கு முன்பே எழுதிக் கொடுத்த பழைய கட்சிகளைக் கண்டிக்கிறோம். 1993-இல் செய்ததையே அவை மீண்டும் செய்தன.

இந்நாட்டு மக்கள் வாளாவிருக்கவில்லை என்பதையும் பதிவு செய்வது நேர்மை. 2024 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் வலதுசாரித் தீவிரவாதத்துக்கு எதிராக லட்சக்கணக்கானோர் குளிரில் வீதிக்கு வந்தார்கள். காசலில் ஒரு சதுக்கம் அங்கு இணைய மையத்தில் கொல்லப்பட்ட ஹலித் யோஸ்காட் பெயரையும், யேனாவில் ஒரு சதுக்கம் நூரன்பேர்க்கில் பூ விற்ற என்வர் ஷிம்ஷெக் பெயரையும் தாங்குகின்றன. சுவிக்காவில் ஷிம்ஷெக் நினைவாக நட்ட மரத்தை 2019-இல் சில வாரங்களிலேயே அறுத்துப் போட்டார்கள். பின்னர் அங்கு மீண்டும் மரங்கள் நடப்பட்டன.

ஊர்வலமும் சதுக்கமும் கோப்புகளுக்கு ஈடாகா. இவ்வழக்கோடு தொடர்புள்ள உளவுத்துறைக் கோப்புகள் அனைத்தையும் குடும்பங்களுக்குத் திறந்து காட்டுமாறு மத்திய அரசையும் ஹெஸன், துரிங்கன், சாக்சனி அரசுகளையும் கோருகிறோம். பொலிஸாருக்கு எதிரான முறைப்பாட்டைப் பொலிஸாரே விசாரிக்கும் முறை முடிய வேண்டும். கொல்லப்பட்டோர் பட்டியலில் விடுபட்ட பெயர்களை அரசு சேர்க்க வேண்டும்.

எமது அங்கத்தவர்களுக்கு ஓர் அறிவித்தல். கடைக்கு மிரட்டல் வந்தாலோ, கண்ணாடி உடைக்கப்பட்டாலோ, சுவரில் எழுதப்பட்டாலோ பொலிஸ் முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள். இனவெறி நோக்கம் தண்டனையைத் தீர்மானிக்கையில் கருதப்பட வேண்டும் என்று 2015 முதல் தண்டனைச் சட்டம் சொல்கிறது. அந்த நோக்கத்தை முறைப்பாட்டில் பதியச் சொல்லுங்கள். பதிய மறுத்தால் அதிகாரியின் பெயரையும் நேரத்தையும் குறித்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். சிறிய விடயம் என்று விட்டுவிடாதீர்கள்.

நவம்பர் 4 மாலை 5 மணி முதல் 6 மணி வரை எமது அங்கத்தவர்களின் கடைகள் அனைத்தும் மூடப்பட்டிருக்கும். காரணம் கேட்கும் வாடிக்கையாளருக்கு இந்த அறிக்கையின் ஜேர்மன் பிரதியைக் கொடுக்கவும்.

நிர்வாகக் குழு